காப்புக் கட்டிய தோட்டத்துக்கு ஒரு கேக்

கேக் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் ஏதாவது சொல்லிவிட்டுப் போகும்படி முதலாளியின் மகன் கேட்டார். சொல்ல மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். முழங்கால் வலியால் வேலையை விட்டாயிற்று. கூச்சம் இன்னும் விடவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு எத்தனை முட்டை, எவ்வளவு மாவு என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இந்த பேக்கரிக்கு வந்தபோது தட்டுக் கழுவுவதும் பணிஸ் ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுப்பதும்தான் என் வேலை. கேக் முழுவதும் பாஸ் கையில், தலைமை பேக்கரிக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வெலிமடைப் பக்கத்துச் சிங்களவர். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார். அவர் பேசும் தமிழ் பிரேக் இல்லாத சைக்கிள் மாதிரி, எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே தெரியாது. நிறுக்கும்போது தராசுக்கும் எனக்கும் நடுவில் தன் முதுகை வைத்துக்கொள்வார். நானும் கேட்கவில்லை. குப்பை வாளியில் விழும் முட்டை ஓடுகளை எண்ணினேன். காலியான வெண்ணெய்த் தாள்களை எண்ணினேன். ஒரு வருடத்தில் எல்லாக் கேக்கும் எனக்குக் கணக்காகத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். என்னை அவர் நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன நங்கி, ஓடு எண்றது? கோழி வளக்கப் போறதா?"

நான் வாளியோடு ஓடிப்போய்விட்டேன். மறுநாள் பார்த்தால் தராசு மேசையின் இந்தப் பக்கம் இருந்தது. இப்படித்தான் நான் கேக் போடக் கற்றுக்கொண்டேன்.

அப்போதெல்லாம் கேக் என்றால் ஒரே வாசனைதான், வனிலா. நான் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சுற்றிலும் இத்தனை வாசனை இருக்க, இந்தச் சின்னப் போத்தலை மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று தோன்றியது. வியாபாரம் மந்தமான செவ்வாய்க்கிழமைகளில் பாஸ் மிச்ச மாவை என்னிடம் விட்டுவிடுவார். நான் செய்ததை எதிரிலிருக்கும் பஸ் தரிப்பிடத்து கண்டக்டர்களுக்குக் கொடுத்து அனுப்புவோம். பசியோடு இருப்பவர்கள், ஆனாலும் நாக்கில் ஈவிரக்கம் கிடையாது.

தேயிலைத் தூள் கலந்து ஒன்று செய்தேன். தூள் பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. "இது கேக்கா, சாயத்தண்ணி மண்டியா?" என்று கேட்டு அனுப்பினார்கள். மிளகு போட்டதைத் தின்ற ஒருவர் பசறை போய்ச் சேரும்வரை தும்மினாராம். மரத்தக்காளியில் செய்தது பார்க்க அழகாக இருந்தது, யாரும் இரண்டாவது துண்டு எடுக்கவில்லை. நாரத்தங்காய்த் தோல் மட்டும் தப்பித்தது. இன்றைக்கு நீங்கள் கிறிஸ்மஸ் கேக்கில் போடுகிறீர்களே, அதுதான்.

கடைசியாக யூக்கலிப்டஸில் கை வைத்தேன். தோட்டத்தில் டர்பன்டைன் மரம் என்போம். இலையை அவித்து, அந்தத் தண்ணீரை மாவில் கலந்து, பாண் ரொட்டி எடுத்த சூட்டோடு போறணை அடுப்பில் வைத்தேன். கேக் போனது போகட்டும், அந்த வாசனை அடுப்புச் செங்கல்லுக்குள் ஏறிவிட்டது. மறுநாள் முதலை வடிவில் போட்ட பணிஸ் அத்தனையிலும் தலைவலித் தைல மணம். ஒரு அம்மா திரும்பி வந்து, "சளி தடிமனுக்கு நல்லா கேக்குது, இன்னும் ஆறு குடுங்க" என்று வாங்கிப் போனார். அதற்கு முதலாளி சிரித்தார். பாஸ் சிரிக்கவில்லை.

"நங்கி, ஒரு கிழமைக்கு என்கூடப் பேச வேணாம். ஒரு வார்த்த வேணாம்."

அவர் அதைத் தண்டனை என்று நினைத்தார். எனக்கு அது லீவு மாதிரி இருந்தது.

அந்த ஏழு நாளுக்குள்தான் அந்தக் கேக் ஓடர் வந்தது.

வந்தவர் தெமோதரைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தின் தொழிலாளர் தலைவர். அந்தத் தோட்டத்திலிருந்து முதல்முறையாக ஒரு பெண் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், பெயர் புஷ்பமாலா. வெளியூரில் வேலை செய்பவர்கள் எல்லாம் மாரியம்மன் திருவிழாவுக்கு வீடு வந்திருக்கும்போதே அவளுக்குப் பாராட்டு விழா. பன்னிரண்டு இறாத்தலில் ஒரு கேக் வேண்டும்.

"ஒண்ணு மட்டும் முதலாளி. முட்டை படக்கூடாது. நாங்க காப்புக் கட்டியிருவோம்" என்றார் தலைவர்.

உங்களில் இரண்டு பேர் டவுன் பிள்ளைகள், அதனால் சொல்கிறேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அது அவிழும்வரை தோட்டத்தில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் அடுப்பேறாது.

"அதோட, அந்தப் புள்ளயோட அம்மா ராசம்மா தீச்சட்டி எடுக்குறா. மக பாஸ் பண்ணினா எடுக்குறேன்னு நேர்ந்துக்கிட்டவ. மொதத் துண்டு அவ வாய்க்குத்தான் போகும். முட்டை பட்டுச்சுன்னா அவ விரதம் போச்சு, மகளுக்கு ஏதாச்சும் ஆயிருமேன்னு உசுர விட்டுருவா."

"செஞ்சுடலாம் தலைவரே" என்றார் முதலாளி. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அதுதான். நிலாவை நறுக்கித் தரச் சொன்னாலும் எத்தனை இறாத்தல் என்றுதான் கேட்பார். ஓடர்ப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினார்: பன்னிரண்டு இறாத்தல், வெள்ளை ஐசிங், ரோஜாப்பூ. முட்டை விஷயத்தை எழுதவில்லை. பணிஸ் அடுக்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். எழுதாததைப் பார்த்தேன். பாஸிடம் வாயால் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா நாள் காலை ஏழரைக்கு வேலைக்கு வந்தேன். கேக் தயாராக இருந்தது. முதல் நாளே பாஸ் சுட்டு, வெள்ளை ஐசிங் பூசி, ஓரமெல்லாம் ரோஜா வைத்திருந்தார். தமிழில் பெயர் எழுதுவது என் வேலை. எழுதினேன். ஐசிங் பிழிந்து எழுதிய தாள் கூம்பைக் குப்பை வாளியில் போடும்போது பழக்க தோஷத்தில் எண்ணினேன். முப்பத்தாறு ஓடுகள்.

பாஸ் முன்னால் போய் நின்றேன். "பாஸ்" என்றேன்.

அவர் விரலைத் தூக்கிக் காட்டினார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"முட்டை, பாஸ்."

"எண்ணிட்டதா? முப்பத்தாறு. சரி, போ."

"அது முட்டை போடக்கூடாத கேக், பாஸ்."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "யார் சொன்னது?"

"தலைவர்."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

"நீ எங்க இருந்தது?"

"பக்கத்துல."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீங்கதான் பேச வேணாம்னீங்க."

அவர் மாவு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ நங்கி! பேச வேணாம்னா பேசாமலே இருக்கிறதா?"

அது நொண்டிச் சாக்கு என்று எனக்குத் தெரியும். அவர் பேசச் சொல்லியிருந்தாலும் நான் போய்ச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். இன்னொருவர் சொல்லிவிடுவார் என்று நினைப்பது கூச்சப்படுகிறவர்களுக்கு மிகவும் வசதியான நினைப்பு. உங்களில் ஒருத்தி என்னைப் போலவே தரையைப் பார்த்துப் பேசுகிறாள், பார்த்தேன். அவளுக்காகத்தான் இந்த நாலு வரியை எழுதினேன்.

முதலாளி வந்தார். கேட்டார். கேக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மேல வெள்ளையா இருக்கு. உள்ள இருக்கறத யாரு பாத்தா?"

"நான் பாத்தேன் முதலாளி" என்றேன்.

கண்ணாடி அலுமாரி பேசிவிட்டது போல என்னைப் பார்த்தார்.

"நான்தான கேக்கோட போறது. இதைக் கொண்டு போக மாட்டேன்" என்று சேர்த்துக்கொண்டேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப வேற என்னத்தக் குடுக்குறது? பாணையா?"

"தயிர்ல செய்யலாம்."

பாஸ் மூட்டையிலிருந்து தலையைத் தூக்கினார். "முட்டை இல்லாம வந்தா அது கேக் இல்ல நங்கி. அது ரொட்டி."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. முந்திய வருடம் காப்பு நாளில் அண்ணன் பிள்ளையின் பிறந்தநாளுக்காக வீட்டுச் சட்டியில் தயிரும் அப்பச்சோடாவும் போட்டு ஒரு கேக் செய்தேன். பிள்ளை அதை வாசலில் உருட்டி விளையாடினான். ஆனால் ஏன் அப்படி ஆனது என்று எனக்குத் தெரிந்திருந்தது. சோடாவைக் கலந்துவிட்டு, அடுப்புப் பற்றும்வரை மாவைக் காக்க வைத்துவிட்டேன். கலந்த உடனே சூட்டுக்குள் போயிருக்க வேண்டும்.

வேன் பன்னிரண்டு மணிக்கு. பாஸ் தானே இறங்கிப் போய் கடைவீதியிலிருந்து நாலு சட்டி எருமைத் தயிர் தூக்கி வந்தார். நான் முழு மாவையும் கலக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"மொதல்ல சின்னது ஒண்ணு."

"நேரம் இல்ல பாஸ்."

"நேரம் இல்ல, அதுக்குத்தான் சின்னது."

அவர் வாய் திறந்து எனக்குச் சொல்லித் தந்த பாடம் அநேகமாக அது ஒன்றுதான். பணிஸ் அச்சில் ஒரு கரண்டி மாவை ஊற்றிச் சுட்டோம். நடுவில் குழி விழுந்தது. தயிரைக் குறைத்து இன்னொன்று சுட்டோம். எழும்பியது, ஆனால் சவர்க்காரம் மாதிரி ஒரு வாசனை. எங்கள் வனிலாப் போத்தல் அதன் முன்னால் வாயே திறக்கவில்லை. அப்போதுதான் செவ்வாய்க்கிழமைத் தோல்விகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. தூளாகப் போட்டால் பல்லில் ஒட்டும் தேயிலையைக் கடுஞ்சாயமாக வடித்து ஊற்றினேன். சீனியில் பாதியை எடுத்துவிட்டுக் கித்துள் மரத்து வெல்லப்பாகான பாணி விட்டேன். இஞ்சிச் சாறு, ஏலக்காய். மூன்றாவது அச்சு வெந்ததும் பாஸ் ஒரு துண்டைக் கிள்ளி, வாய்க்குக் கொண்டுபோகும் முன் முகர்ந்தார்.

"டர்பன்டைன் இல்லத்தானே?"

"இல்ல பாஸ்."

தின்றார். பெரிய தட்டுகளுக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குப் பிறகு கிடைத்ததில்லை.

வெள்ளை ஐசிங் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் செய்வது. அதையும் மறக்காமல் வெண்ணெயும் ஐசிங் சீனியும் மட்டும் சேர்த்துப் புதிதாகப் பூசினேன். பெயரையும் அதிலேயே எழுதினேன். மணி பதினொன்றே முக்கால். உடுப்பு மாற்றி வருவதற்குள் கேக் பெட்டிக்குள் போய், மேலே தாள் மூடி, கயிறு கட்டி ரெடியாக இருந்தது. பாஸ் வேனில் ஏற்றிவிட்டுப் பெருமையாகக் கை காட்டினார். நானும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஹாலி எல தாண்டி ஒரு வளைவில் பெட்டி நழுவியது. கேக் சரிந்திருக்குமோ என்று திறந்து பார்த்தேன். சரியவில்லை. ஓரத்தைச் சுற்றிப் பதினாறு ரோஜாப்பூக்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

நான் ரோஜா வைக்கவில்லை. பழைய கேக்கிலிருந்து பாஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி, புதியதில் வைத்திருக்கிறார். எனக்கு உதவியாக, அழகாக. அந்த ரோஜா வெள்ளைக்கருவில் செய்தது.

அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் மேசையில் முட்டை என்றால் கேக்குக்குள் உடைத்து ஊற்றுவது. வெள்ளைக்கரு வேறு போத்தலில், வேறு தட்டில் இருக்கும், பூ செய்கிற சாமான். இருபது வருடம் பூ செய்தவருக்கு அது முட்டை என்பதே மறந்துபோயிருந்தது. நானும் முட்டை கூடாது என்றேனே தவிர, ஒரு விரதக்காரி வாயில் போகப் போகிறது என்று அவரிடம் சொல்லவேயில்லை. முழுக் கதையையும் கேட்டிருந்தால் அவரே தொட்டிருக்க மாட்டார்.

"நிறுத்துங்க அண்ணே!" என்று கத்தினேன்.

வேன் ஓட்டுகிற செல்வம் அண்ணன் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் திரும்பினார். அப்போதைக்கு நாலு வருடமாக நான் அவர் வேனில் வாய் திறக்காமல் போய் வந்துகொண்டிருந்தேன். "யாரு கத்துனது?" என்று கேட்டார்.

நல்ல வேளை, வழியோரத்தில் ஒரு பீலி இருந்தது. மலைத் தண்ணீர் மூங்கில் வழியாக விழுந்துகொண்டிருந்தது. கை கழுவி, பூக்களைப் பிடுங்கினேன். பூ தொட்ட இடத்து ஐசிங்கையும் கத்தியால் வழித்து எடுத்தேன். கேக்கோடு வெளியே போகும்போது ஒரு கத்தியும் ஒரு டப்பா ஐசிங்கும் எப்போதும் கையில் வைத்திருங்கள். டப்பாவில் இருந்ததைக் கொண்டு குழிகளைப் பூசினேன். மழைக்கு விழுந்த லயத்து வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசியது போல இருந்தது.

"பூவைத் தூரப் போடவா?" என்றார் செல்வம் அண்ணன்.

"போடுங்க."

"சீனிதான? நான் டவுன்காரன், எனக்குக் காப்புக் கெடையாது." பதினாறையும் தின்றார். திரும்பி வரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

பூசிய இடத்தை மறைக்க ஏதாவது வேண்டும். பாதை ஓரத்தில் இருந்தது தேயிலை மட்டும்தான். கொழுந்து கிள்ளி, பீலியில் அலசி, உதறி, குழிக்கு ஒன்றாகச் சொருகினேன். வெள்ளையில் பச்சை. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

தோட்டத்துக் கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் பெண்கள் கூட்டமாக எட்டிப் பார்த்தார்கள்.

"அடியே, இங்க பாருடி! நேத்து வரைக்கும் மலையில கிள்ளுனது பத்தாதா? கேக்குலயும் கொழுந்தா?"

"எத்தன கிலோ போட்டிருக்கான்னு நிறுத்துப் பாருங்கடி!"

"கங்காணி வந்தா இதுலயும் முத்தல் இருக்குன்னு சொல்லுவாரு!"

பந்தலே சிரித்தது. நான் பறைக்காரர்களின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தலைவர் பேசினார். நீளமாகப் பேசினார். புஷ்பமாலா கேக்கை வெட்டி, முதல் துண்டை அம்மாவின் வாய்க்குக் கொண்டுபோனாள். ராசம்மா மஞ்சள் சேலையில் இருந்தார். மணிக்கட்டில் காப்பு, முகம் பட்டினியில் வற்றியிருந்தது. மகளின் கையைப் பாதியில் பிடித்து நிறுத்தினார்.

"இதச் செஞ்சது யாரு?"

"அதெல்லாம் கடையில சொல்லியாச்சு ராசம்மா, சாப்புடு" என்றார் தலைவர்.

"நீ சொன்ன தலைவரே. அவங்க கேட்டாங்களா?"

பறைக்காரர் ஒருவர் என்னை முன்னால் தள்ளிவிட்டார். அத்தனை முகமும் என்மேல். முட்டை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கை மகளின் கையை அப்படிப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கேக்கில் முட்டை இருந்தது, அது கடையிலேயே இருக்கிறது. இது தயிரில் செய்தது. இதன்மேல் முட்டை கலந்த பூ இருந்தது, பீலியில் நிறுத்தி எடுத்துவிட்டேன், தொட்ட இடத்தையும் வழித்துவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் கடைசிவரை சொன்னேன். தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

ராசம்மா எழுந்து வந்தார். "பூ இருந்தது எங்க எங்க?"

கொழுந்துகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கத்தியை மகளிடமிருந்து வாங்கி, ஓரம் எதுவும் படாமல் நடுவிலிருந்து தானே ஒரு துண்டு வெட்டினார். மேல் ஐசிங்கை வழித்துத் தட்டில் வைத்தார். மிச்சத்தை மகள் கையில் கொடுத்து, வாயைத் திறந்தார்.

மெதுவாக மென்றார். விழுங்கிவிட்டு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. முட்டை போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமோ?"

"ஆமாக்கா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, இன்னொரு துண்டு கேட்டார்.